நிரல் என்னுடையது, ஆனால் உரிமை?

கடிதத்தின் சுருக்கம்

திருப்பூரில் தனியாக மென்பொருள் எழுதித் தரும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

2021-ல் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், கட்டிங்கில் துணி வேஸ்ட்டைக் குறைக்க ஒரு மென்பொருள் கேட்டிருக்கிறது. ரோலுக்கு ரோல் டயா (துணியின் அகலம்) கொஞ்சம் மாறும், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) மாறும், துவைத்தால் சுருங்கும் அளவும் மாறும். எந்த ரோலை எந்த லேயில் (வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரிக்கும் துணி) விரிப்பது, முன்பக்கம், பின்பக்கம், கை என்று துண்டுகளை அதில் எப்படி நெருக்கி அடுக்குவது என இவருடைய மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒரு பக்கக் கொட்டேஷன், ஜிஎஸ்டி பில், மற்றபடி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மென்பொருள் நன்றாக ஓடவே, 2022 முதல் வேறு சில யூனிட்டுகளுக்கும் விற்றிருக்கிறார். அடுக்கும் முறையை விளக்கி அதே வருடம் யூடியூபில் வீடியோ போட்டிருக்கிறார். 2023 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன ஆடை நிறுவனம் இணையம் வழியாக இதைப் பயன்படுத்துகிறது.

இப்போது நான்கு பக்கமும் நெருக்கடி. "காசு கொடுத்தது நாங்க, சாஃப்ட்வேர் எங்களோடது, வேற யாருக்கும் விக்கக் கூடாது" என்கிறது முதல் நிறுவனம். சம்பளத்துக்கு இருந்த உதவியாளர் வெளியே போய், இதே மாதிரி ஒன்றைப் பாதி விலைக்கு விற்கிறார். அமெரிக்க வக்கீல் அலுவலகம் ஒன்று, துண்டுகளை அடுக்கும் முறைக்குத் தங்கள் கட்சிக்காரரிடம் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான தனியுரிமை) இருப்பதாகவும் 30 நாளில் லைசென்ஸ் எடுக்காவிட்டால் வழக்கு என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. போதாததற்கு, மென்பொருளை வாங்கிய ஒரு யூனிட்டின் ஐடி ஆள், "இதுல இருக்கிற சிஜிஏஎல் லைப்ரரி ஜிபிஎல் ஆச்சே, சோர்ஸ் கோட் குடுங்க" என்று கேட்கிறார். சிஜிஏஎல் என்பது வடிவக் கணக்குகளுக்கான ஆயத்த நிரல் தொகுப்பு. ஜிபிஎல், மென்பொருளை வாங்குபவருக்கு சோர்ஸ் கோட், அதாவது எழுதிய மூல நிரலும் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் லைசென்ஸ்.

சீக்கிரமாக ஒரு பேட்டன்ட் வாங்கிவிட்டால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்பது வாசகரின் திட்டம். கூடவே ஓர் உறுத்தல். "கல்லூரி நாளிலிருந்து லினக்ஸ் பயனர் குழுவில் இருந்தவன் நான். மென்பொருள் பேட்டன்ட்டுக்கு எதிரான மனுவில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நானே இப்போது பேட்டன்ட் எடுப்பது தப்பில்லையா?"

பதில்

நண்பரே, அந்த பேட்டன்ட் திட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மற்ற கணக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன, அதுவோ நிற்கிற நிலையில் இல்லை.

நம் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, கம்ப்யூட்டர் நிரல் "தன்னளவில்", அல்காரிதம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 2002-ல் திருத்தமாக வந்த பிரிவு இது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம், தொழில்துறைப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் கதவைத் திறந்துவிடப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. அதாவது நாடாளுமன்றம் யோசித்துத்தான் வேண்டாம் என்றது. பிறகு 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் தன் வழிகாட்டுதல் மூலமாகவே கதவைத் தளர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் அதை நிறுத்தி வைத்து, 2016 பிப்ரவரியில் புதுமையான வன்பொருளும் இருந்தால்தான் ஆகும் என்று இறுக்கியது. 2017-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டது அநேகமாக 2015 மனுவாக இருக்கும்.

அதனால் "இந்தியாவில் மென்பொருளுக்கு பேட்டன்ட்டே கிடையாது" என்று உங்கள் நண்பர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை, "ஐகோர்ட் சொல்லிவிட்டது, இப்போது எல்லாருக்கும் கிடைக்கும்" என்று நீங்கள் கேட்ட பேட்டன்ட் ஏஜென்ட் சொன்னதும் சரியில்லை. ஏஜென்ட் சொன்னது ஃபெரித் அல்லானி வழக்காகத்தான் இருக்க வேண்டும். 2019 டிசம்பரில் டெல்லி ஐகோர்ட், கண்டுபிடிப்பு தொழில்நுட்ப ரீதியாக ஒரு விளைவைத் தருகிறது என்றால் அது நிரல் சார்ந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்றது. அந்த விண்ணப்பம் இந்தியாவில் தாக்கலானது 2002-ல். மறுபடி பரிசீலியுங்கள் என்ற உத்தரவு வாங்கவே 17 வருடம். மென்பொருள் தொழிலில் 17 வருடம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மென்பொருள் ஒரு சென்சாரை வைத்து ரோலின் சுருக்கத்தை அளந்து, அதன்படி விரிக்கும் இயந்திரத்தையே கட்டுப்படுத்தியிருந்தால் தொழில்நுட்ப விளைவு என்று வாதாட இடம் உண்டு. ஆனால் கட்டிங் மாஸ்டர் அளவுகளைத் தட்டச்சு செய்ய, மென்பொருள் கணக்குப் போட்டு ஒரு படத்தைத் திரையில் காட்டுகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனை அதிகாரி அதை அல்காரிதம் என்பார். என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

இதையெல்லாம் தாண்டினாலும் யூடியூப் வீடியோ இருக்கிறது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே பொதுவெளியில் தெரிந்துவிட்ட எதற்கும் புதுமை கிடையாது. வெளியிட்டது நீங்களே ஆனாலும் அதே கதைதான். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு இங்கே 12 மாத விலக்கு உண்டு, யூடியூப் அதில் வராது. அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருட அவகாசம் உண்டு, உங்களுக்கு அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. தனிநபர் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான் என்று ஏஜென்ட் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு வரும் பரிசோதனைக் கட்டணம், வரைவுச் செலவு, ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு கொட்டேஷன் கேளுங்கள். அவர் குரலே மாறிவிடும்.

இன்னொரு தவறான புரிதலும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பேட்டன்ட் கையில் இருந்தால் அமெரிக்கக்காரர் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறீர்கள். பேட்டன்ட் என்பது நீங்கள் போடும் வேலி. அடுத்தவர் உள்ளே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் வயலுக்குப் போகும் பாதை இன்னொருவர் நிலத்தின் வழியாகப் போனால், வேலி போட்டதால் பாதை கிடைத்துவிடாது.

அமெரிக்கக் கடிதத்தை எப்படிப் படிப்பது

பயந்து பதில் போடாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். "ஆமாம், அதே மாதிரிதான் செய்கிறோம், ஆனால்..." என்று ஒரு வரி நீங்களாக எழுதிவிட்டால், பிறகு எந்த வக்கீலாலும் அதை அழிக்க முடியாது. பேட்டன்ட் இருப்பது தெரிந்த பிறகும் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தால், வேண்டுமென்றே மீறியதாகச் சொல்லி நஷ்ட ஈட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் இப்போதைக்கு வேண்டியது ஒரு சின்ன பதில்தான்: கடிதம் கிடைத்தது, பரிசீலித்து வருகிறோம், எந்தப் பேட்டன்ட்டின் எந்த கிளெய்ம் (உரிமை கோரும் பத்தி) எங்கள் மென்பொருளின் எந்தப் பகுதியோடு பொருந்துகிறது என்று ஒப்பீட்டு அட்டவணை அனுப்புங்கள். இதையும் வக்கீல் வழியாக அனுப்பினால் நல்லது.

பதில் வருவதற்குள் நீங்களே சில வேலைகள் செய்யலாம். கடிதத்தில் உள்ள பேட்டன்ட் எண்ணை கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டுப் பாருங்கள். எப்போது தாக்கலானது? 20 வருடம் முடிந்துவிட்டதா? பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா? அங்கே மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடங்களில் கட்ட வேண்டும், கட்டாமல் காலாவதியாகிப் போனவை ஏராளம். உரிமையாளர் பெயரும் கடிதம் அனுப்பியவரின் கட்சிக்காரர் பெயரும் ஒன்றுதானா? அப்புறம் கிளெய்ம் பகுதி. முன்னுரையும் படங்களும் பிரமாண்டமாகத்தான் இருக்கும், அதில் மயங்க வேண்டாம். உரிமை கிளெய்மில் எழுதிய அளவுக்குத்தான். ஒரு கிளெய்மில் ஐந்து அம்சம் இருந்து உங்களிடம் நான்குதான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் மீறல் இல்லை.

2014-ல் அலைஸ் எதிர் சிஎல்எஸ் பேங்க் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஒன்று சொன்னார்கள்: வெறும் கருத்து ஒன்றைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதால் மட்டும் அது பேட்டன்ட்டுக்குத் தகுதி பெறாது. அதற்கு முன் கொடுக்கப்பட்ட பல மென்பொருள் பேட்டன்ட்கள் அந்தத் தீர்ப்பில் அடிபட்டன. உங்களுக்கு வந்த கடிதத்தில் உள்ள பேட்டன்ட் எந்த வருடத்தது என்பது அதனாலும் முக்கியம்.

"அமெரிக்க பேட்டன்ட் திருப்பூருக்கு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகச் சரி, பேட்டன்ட் அந்தந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். ஆனால் இரண்டு ஓட்டைகளைச் சொல்லியாக வேண்டும். சர்வர் இந்தியாவில் இருப்பதால் லாஸ் ஏஞ்சல்ஸ் வாடிக்கையாளர் விஷயத்தில் தப்பிக்கலாம் என்பது நிச்சயமில்லை. பிளாக்பெர்ரி கைபேசி வழக்கு இதற்கென்றே வந்தது போன்ற உதாரணம். அந்தச் சேவையின் மின்னஞ்சல் ரிலே கனடாவில் இருந்தது. 2005-ல், அமெரிக்காவில் பேட்டன்ட் மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இரண்டாகப் பிரித்தது: ஒரு படி கனடாவில் நடப்பதால் செயல்முறைக்கான கிளெய்ம்கள் அமெரிக்காவில் மீறப்படவில்லை, ஆனால் மொத்த அமைப்புக்கான கிளெய்ம்கள் மீறப்பட்டன, ஏனென்றால் அதைக் கட்டுப்படுத்துவதும் பலனை அனுபவிப்பதும் அமெரிக்கப் பயனர்கள். 2006 மார்ச்சில் 61.25 கோடி டாலர் கொடுத்து பிளாக்பெர்ரிக்காரர்கள் சமாதானம் ஆனார்கள். ஆகவே உங்களுக்கு வந்த கடிதத்தில் சொல்லும் கிளெய்ம் "ஒரு முறை" என்று தொடங்குகிறதா, "ஓர் அமைப்பு" என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஓட்டையைப் பலரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் பேட்டன்ட் உள்ள செயல்முறையால் வெளிநாட்டில் செய்த பொருளை அங்கே இறக்குமதி செய்வதும் மீறல்தான். கிளெய்ம் "துணியை வெட்டி ஆடை தைக்கும் முறை" என்கிற மாதிரி எழுதப்பட்டிருந்தால், உங்கள் மென்பொருளை வைத்து வெட்டி அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் டி-ஷர்ட்டைக் காட்டி யாராவது கேள்வி கேட்க முடியும். வெறும் கணக்கீட்டு முறை என்றால் அந்த வாதம் வலுவிழக்கும். வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் ஏற்றுமதியாளர்களுக்கு விற்கும்போது "எந்த பேட்டன்ட் வழக்கு வந்தாலும் முழுப் பொறுப்பும் எங்களுடையது" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அல்லது நீங்கள் வாங்கிய லைசென்ஸ் தொகைக்குள் வரம்பு வையுங்கள்.

"இலவசமாகக் கிடைத்தது" என்ற அந்த வரி

கடிதத்தில் என்னைக் கொஞ்சம் நிமிர வைத்தது இதுதான். உதவியாளர் உங்கள் நிரலைத் திருடியதாக ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, சிஜிஏஎல் பற்றி "இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, அதற்கு யார் சொந்தக்காரர்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமையைக் கைவிடாமல், நிபந்தனையோடு பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தின்படி அவர்கள் உரிமை இங்கேயும் செல்லும். லினக்ஸ் குழுவில் இருந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

சிஜிஏஎல்லில் அடிப்படைப் பகுதிகள் எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லை விடத் தளர்வான லைசென்ஸ்), மேல்நிலைப் பகுதிகள் ஜிபிஎல். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் எங்கே வைக்கலாம் என்று பார்க்க நீங்கள் பயன்படுத்தியதாகச் சொல்லும் மின்கோவ்ஸ்கி கூட்டல் ஜிபிஎல்லில் வருகிறது. அதை இணைத்துக் கட்டிய மென்பொருளை வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுத்துவிட்டால், அந்த முழு மென்பொருளையும் ஜிபிஎல் நிபந்தனையிலேயே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். சோர்ஸ் கோட் உலகத்துக்கே கொடுக்க வேண்டியதில்லை, யாருக்கு மென்பொருளைக் கொடுத்தீர்களோ அவர்களுக்குக் கொடுத்தால் போதும். விலைக்கு விற்பதையும் ஜிபிஎல் தடுக்கவில்லை. ஆனால் வாங்கியவர் அதை மாற்றுவதையும் அடுத்தவருக்குக் கொடுப்பதையும் நீங்கள் தடுக்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் வாடிக்கையாளருக்கு நிரல் உங்கள் சர்வரிலேயே ஓடுவதால் இந்தக் கடமை எழாது. இணையம் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் சோர்ஸ் கோட் கொடுக்கச் சொல்லும் ஏஜிபிஎல் லைசென்ஸ் என்றால் கதை வேறு.

உங்கள் முன் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, டெஸ்க்டாப் பதிப்பை நேர்மையாக ஜிபிஎல்லில் வெளியிட்டு, நிறுவுதல், பயிற்சி, பராமரிப்புக்குப் பணம் வாங்குவது. இரண்டாவது, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வேறு லைசென்ஸ் உள்ள ஒன்றையோ சொந்த நிரலையோ வைப்பது. இது இனிமேல் போகும் பிரதிகளுக்குத்தான் உதவும், ஏற்கெனவே போனவற்றுக்கு அல்ல. மூன்றாவது, சிஜிஏஎல்லுக்கு ஜியோமெட்ரி ஃபேக்டரி என்ற பிரெஞ்சு நிறுவனம் வணிக லைசென்ஸ் விற்கிறது. அதை வாங்குவது. பேசும்போது பழைய பிரதிகளுக்கும் சேர்த்து விடுவிப்பு கேளுங்கள். என் சாய்வு மூன்றாவது பக்கம்தான், ஏனென்றால் உங்கள் வருமானம் முழுக்க டெஸ்க்டாப் பதிப்பில் இருக்கிறது. ஆனால் விலையை விசாரித்துவிட்டு நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இது.

ஒரு ஆறுதல். 2007-ல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல் தடவை மீறியவர் உரிமையாளரின் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் லைசென்ஸ் மீண்டும் உயிர் பெறும். உங்களுக்கு வந்திருப்பது உரிமையாளரின் அறிவிப்புகூட இல்லை, வாடிக்கையாளரின் கேள்விதான். வாங்கியவரே நேரடியாக சோர்ஸ் கோட் கேட்டு வழக்குப் போட முடியுமா என்பதைச் சோதிக்கத்தான் 2021-ல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற திறமூல ஆதரவு அமைப்பு, விசியோ டிவி நிறுவனத்தின் மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. கேட்டவர் உரிமையாளர் இல்லையே என்று நம்பி அந்த ஐடி ஆளை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர் ஒரு மின்னஞ்சல் போட்டால் உரிமையாளருக்கே தெரிந்துவிடும்.

லைசென்ஸ் மீறல் வெறும் ஒப்பந்தத் தகராறுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரு பொம்மை ரயில் வழக்கு பதில் சொல்லும், உங்கள் நிலைமைக்கு அது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. ராபர்ட் ஜேக்கப்சன் கலிஃபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். மாதிரி ரயில்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருளை நண்பர்களோடு சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்துவந்தார். அதே துறையில் மென்பொருள் விற்ற மேத்யூ காட்சர் என்பவர், தன் பேட்டன்ட்டை மீறியதாகச் சொல்லி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பில் அனுப்பினார். இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்குப் பில்! ஜேக்கப்சன் பணம் கட்டவில்லை. 2006-ல் தானே நீதிமன்றம் போய், நான் மீறவில்லை, அந்தப் பேட்டன்ட்டும் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டார். வழக்கு நகர்ந்தபோது தெரிந்தது, ஜேஎம்ஆர்ஐயின் கோப்புகளை எடுத்து, எழுதியவர்கள் பெயரை நீக்கிவிட்டுத் தன் மென்பொருளில் பயன்படுத்தியிருந்தவர் காட்சர்தான். கீழ்க்கோர்ட், இது ஒப்பந்த மீறல்தான், பதிப்புரிமைத் தடையுத்தரவு கிடையாது என்றது. 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் அதை மாற்றியது. திறமூல லைசென்ஸின் நிபந்தனைகள் வெறும் வேண்டுகோள் அல்ல, அவற்றை மீறினால் பதிப்புரிமையே மீறப்படுகிறது என்றது. வழக்கு நடக்கும்போதே காட்சர் அந்தப் பேட்டன்ட்டைக் கைவிட்டார். 2010-ல் ஒரு லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமாதானமானார்.

அமெரிக்கக் கடிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஜேக்கப்சன் இடத்தில் நிற்கிறீர்கள். சிஜிஏஎல் விஷயத்தில் காட்சர் இடத்தில். இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவதில் சண்டை போடப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டுவது அதைத்தான்.

காசு கொடுத்தவருக்கு எது சொந்தம்

இங்கே சட்டம் உங்கள் பக்கம். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, சம்பள வேலையில் இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதலாளியை முதல் உரிமையாளராக்குகிறது. நீங்கள் ஊழியர் அல்ல. பில் போட்டு வேலை செய்துகொடுத்தவர். எழுதியவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றால் 19-வது பிரிவின்படி எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அவர்கள் கொடுத்த பணத்துக்கு அந்த மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதில் கை வைக்காதீர்கள், பராமரிப்பை நிறுத்தி மிரட்டவும் செய்யாதீர்கள். அந்த ஒரு பக்கக் கொட்டேஷனை மறுபடி படியுங்கள். "சோர்ஸ் கோட் உட்பட ஒப்படைக்கப்படும்" என்பது போல ஒரு வரி இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈரப்பதம் கூடின நாளில் விரித்த லேயை உடனே வெட்டக் கூடாது, சில மணி நேரம் துணியை ஆறவிட வேண்டும், எந்த டையிங் பட்டறையிலிருந்து வந்த ரோல் எவ்வளவு சுருங்கும் என்பதையெல்லாம் அவர்களுடைய கட்டிங் மாஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துணி ஆறவிடுவது ஊரில் எல்லா மாஸ்டருக்கும் தெரிந்தது, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் குறிப்பிட்ட டையிங் யூனிட் வாரியாக அவர்கள் சேர்த்துவைத்த சுருக்க அட்டவணை அவர்களுடைய ரகசியத் தகவல். அது உங்கள் மென்பொருளோடு மற்ற யூனிட்டுகளுக்கும் போயிருக்கிறதா? போயிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவர்களைச் சந்தித்து, நிரல் உங்களுடையது, நிரந்தரப் பயன்பாட்டு உரிமை அவர்களுடையது, அவர்கள் தரவு யாருக்கும் போகாது என்று இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அடுத்த பதிப்பைச் சலுகை விலையில் தருவதாகவும் சொல்லலாம். திருப்பூர் மாதிரி ஊரில் முதல் வாடிக்கையாளரைக் கோர்ட்டில் சந்திப்பது தொழிலுக்கு நல்லதில்லை.

உதவியாளர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் சம்பளத்தில் இருந்தபோது எழுதியது உங்களுடையது, சம்பளப் பதிவுகளை எடுத்து வையுங்கள். திரை ஒரே மாதிரி இருப்பது, யோசனை ஒரே மாதிரி இருப்பது எல்லாம் திருட்டு ஆகாது. நிரலைப் பிரதி எடுத்திருந்தால்தான் மீறல். உங்கள் கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாறு, நீங்கள் விட்டுவைத்த எழுத்துப் பிழை அப்படியே அவருடைய மென்பொருளிலும் வருவது போன்றவை நல்ல சாட்சி. வேலையை விட்ட பிறகு இதே தொழிலைச் செய்யக் கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின் முன் அது நிற்காது. இன்னொன்று: உங்கள் மென்பொருள் ஜிபிஎல்லின் கீழ் வர வேண்டியது என்றால், அவர் பிரதி எடுத்ததை எவ்வளவு தூரம் குறை சொல்ல முடியும் என்பதும் சிக்கலாகும். சிஜிஏஎல்லை முதலில் முடியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

அந்த உறுத்தலைப் பற்றி

பேட்டன்ட் எடுப்பது தப்பா என்று கேட்டீர்கள். சட்டம் அனுமதிப்பதைக் கேட்பது தப்பில்லை. ஆனால் உங்கள் பழைய கையெழுத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஜிஃப் படங்களின் கதை தெரிந்திருக்கும். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-ல் அந்த வடிவத்தை வெளியிட்டது, உலகமே பயன்படுத்தியது. உள்ளே இருந்த சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் பேட்டன்ட் இருப்பதும், லைசென்ஸ் வேண்டும் என்பதும் 1994 இறுதியில்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற பட வடிவம். நிரல் எழுதுபவர் யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல், தானாக யோசித்து எழுதியதற்கும் பேட்டன்ட் வழக்கு வரலாம். பதிப்புரிமையில் அந்த அபாயம் இல்லை. 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மென்பொருள் பேட்டன்ட் பற்றிய சட்ட வரைவை 648-க்கு 14 என்று தோற்கடித்ததற்குப் பின்னால் இருந்த சின்ன நிறுவனங்களின் பயமும் இதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவைச் சுருக்குவது போன்ற வேலைகளில் பல வருட ஆராய்ச்சி போகிறது. நிரலைப் பார்க்காமலே அந்த யோசனையை மட்டும் எடுத்து எழுதிவிடலாம், பதிப்புரிமை அதைத் தடுக்காது. பணம் போட்டவர்கள் பேட்டன்ட் கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் லேயில் துண்டு அடுக்கும் மென்பொருளுக்கு 20 வருடத் தனியுரிமை கேட்கும் அளவுக்கு அந்தத் தர்க்கம் நீளாது. பேட்டன்ட் கிடைத்து, நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும் வெளியிட்டால், அதைப் பெற்றுப் பயன்படுத்துபவர்கள் மேல் நீங்கள் அந்தப் பேட்டன்ட்டை ஏவ முடியாது. லைசென்ஸின் 11-வது பிரிவு அதைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்கிறது.

சென்சார் வைத்து இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அடுத்த பதிப்பு யோசனையில் இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதில் பேட்டன்ட்டுக்குத் தகுந்தது ஏதாவது இருக்கலாம். விண்ணப்பம் போடும்வரை வீடியோ வேண்டாம், கண்காட்சியில் டெமோ வேண்டாம், யாரிடம் காட்டினாலும் ரகசிய ஒப்பந்தம் வாங்குங்கள். இந்தியாவில் வசிப்பவர் முதல் விண்ணப்பத்தை நேராக அமெரிக்காவில் போட்டால் 39-வது பிரிவில் சிக்கல், அனுமதி வாங்க வேண்டும். எடுப்பதா வேண்டாமா என்பதை அப்போது உங்கள் மனசாட்சியோடு பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: 30 நாள் கெடு முடியுமுன் அமெரிக்கக் கடிதத்துக்கு அந்தச் சின்ன பதில், ஜியோமெட்ரி ஃபேக்டரிக்கு விலை கேட்டு மின்னஞ்சல், ஐடி ஆளுக்கு "லைசென்ஸ் நிலையைச் சரிபார்க்கிறோம், எழுத்தில் பதில் தருகிறோம்" என்று ஒரு வரி. கிட் வரலாற்றையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் இப்போதே பேக்கப் எடுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வாடிக்கையாளரிடம் பேட்டன்ட் கடிதம் வந்த விஷயத்தை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அங்குள்ள பேட்டன்ட் வக்கீலிடம் அந்த ஒரு பேட்டன்ட்டைப் பற்றி மட்டும், கட்டணத்தை முன்கூட்டியே பேசி, எழுத்தில் கருத்து வாங்கலாம். அந்தச் செலவு அந்த வாடிக்கையாளர் தரும் வருட வருமானத்தைத் தாண்டுகிறது என்றால், இந்த முறை சந்தா முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.